பான்கேக் மாவு வாங்கி ஏமாந்தவள் எழுதும் வழிகாட்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டில் ஒன்பது பான்கேக் சுட்டேன். இரண்டுதான் வயிற்றுக்குள் போயின, அதிலும் ஒன்று அப்பா என் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டது. மீதி ஏழும் மேசையில் ஆறிக் கிடந்தன. அக்கா மகன் ஒன்றை எடுத்துத் தட்டில் தட்டிப் பார்த்துவிட்டு "சின்னம்மா, இது சத்தம் போடுது" என்றான். அப்பா மெதுவாக எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "கீழ போய் ரொட்டி சானாய் கட்டிட்டு வரட்டாம்மா, எத்தன வேணும்?" என்று கேட்டார். அவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. பரோட்டா மாதிரியான அந்த ரொட்டி சானாய் வேண்டாம் என்றுதான் நான் இந்தக் கூத்தையே ஆரம்பித்தேன்.

அந்தப் பான்கேக் மாவுப் பெட்டி 34 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். பேரங்காடியில் வெளிநாட்டுச் சாமான் அடுக்கியிருக்கும் வரிசையில் இருந்தது. முழுக்கோதுமை, ஓட்ஸ், வே புரதம் (பாலிலிருந்து எடுப்பது), சீனி இல்லை, இனிப்புக்கு ஸ்டீவியா. அட்டைப் படத்தில் ஐந்தாறு பான்கேக் ஒன்றின்மேல் ஒன்றாக மெத்தை மாதிரி உட்கார்ந்திருந்தன. என் சட்டியில் வந்ததோ சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு நிறத்தில், ஓரம் கருகி, நடுவில் களி மாதிரி ஒட்டிக்கொண்டு, விழுங்கிய பிறகு நாக்கில் ஒரு கசப்பு இனிப்பு மிச்சம் வைக்கிற வட்டங்கள்.

அதன் பிறகு மூன்று ஞாயிறு அதே பெட்டியோடு மல்லுக்கட்டினேன். இப்போது ஓரளவு சாப்பிடும்படி வருகிறது. இந்த மாதிரி மாவை முதன்முதலாக வாங்கியவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பான்கேக்கே சுட்டதில்லை என்றாலும் பரவாயில்லை, தோசை ஊற்றத் தெரிந்தால் போதும். ஆனால் தோசை ஊற்றுகிற கை செய்கிற சில காரியங்களை இங்கே நிறுத்திவைக்க வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஆரோக்கியம் என்று சொல்லி இந்தப் பெட்டிகளிலிருந்து எடுத்துவிட்டவை வெள்ளை மாவு, சீனி, கொழுப்பு. இந்த மூன்றும் சும்மா உட்கார்ந்திருந்தவை இல்லை, ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தன. வெள்ளை மாவின் பசை காற்றுக் குமிழியைப் பிடித்துவைக்கும். சீனி ஈரத்தை இழுத்துவைத்து மெதுமெதுப்பு கொடுக்கும், பொன்னிறமும் கொடுக்கும். ஸ்டீவியா சீனியைவிட 200, 300 மடங்கு இனிப்பது, அதனால் சீனி இருந்த இடத்தில் ஒரு சிட்டிகைதான் போடுவார்கள். இனிப்பு வந்துவிடும், சீனி செய்த மற்ற வேலைக்கு ஆள் இல்லை. கொழுப்பு இல்லையென்றால் ரப்பர். ஆட்களை அனுப்பிவிட்டார்கள், அந்த வேலையை நாம்தான் வேறு வழியில் செய்தாக வேண்டும்.

வாங்கும் முன்

பெட்டியின் முன்பக்கம் அலங்காரம், பின்பக்கம்தான் பேச்சு. உட்பொருள் பட்டியலில் எடை அதிகமுள்ளது முதலில் வரும், குறைந்தது கடைசியில் வரும், இது இங்கே சட்டப்படி அப்படித்தான். முன்பக்கம் 'ஓட்ஸ்' என்று பெரிதாக எழுதிவிட்டு, பின்னால் முதல் பெயராக வெறும் கோதுமை மாவும் ஐந்தாவதாக ஓட்ஸும் இருந்தால், நீங்கள் வாங்குவது சாதாரண பான்கேக் மாவு, விலை மட்டும் இரண்டு மடங்கு. நம் கடைகளில் 'தெப்போங் கண்டும்' என்று விற்பது வெள்ளை மாவு என்பதையும் மறக்காதீர்கள். முழுக்கோதுமை என்றால் அதைத் தனியாகச் சொல்லியிருப்பார்கள்.

நார்ச்சத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் மாவில் 6 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் அதிகம், 3 கிராம் என்றால் ஏதோ இருக்கிறது. புரதம் எழுதியிருக்கும் இடத்தில் கொஞ்சம் உஷார். சில பெட்டிகளில் பெரிய எழுத்தில் போட்ட எண், நாம் பாலும் முட்டையும் சேர்த்துச் சுட்ட பிறகு வருகிற எண். என் முட்டை, என் பால், அவர்கள் பெருமை. வெறும் மாவில் எவ்வளவு என்று பக்கத்துக் கட்டத்தில் பாருங்கள்.

அப்புறம், சீனி இல்லை என்றால் மாவுச்சத்து இல்லை என்று அர்த்தமில்லை. நான் அங்கேதான் முதலில் வழுக்கினேன். முழுக்கோதுமையும் மாவுதான், ஓட்ஸும் மாவுதான், இரத்தத்தில் போய் அது சர்க்கரையாகத்தான் ஆகும், கொஞ்சம் மெதுவாக ஆகலாம், அவ்வளவே. அப்பாவுக்காக வாங்கும்போது 'சீனி 0' என்ற வரியை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதற்கு மேலே மொத்த மாவுச்சத்து வரியில் இருந்த எண்ணை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். வீட்டில் இனிப்பு நீர்க்காரர் இருந்தால் ஒருவேளைக்கு எத்தனை என்பதைக் கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியிடம் கேட்காதீர்கள்.

பிரித்த பிறகு

முகர்ந்து பாருங்கள். முழுத்தானிய மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் இருக்கும், அது வெள்ளை மாவைவிடச் சீக்கிரம் கெடும். பழைய எண்ணெய் காறிய மாதிரி வாடை வந்தால் தேதி இருந்தாலும் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிரித்த பெட்டியை அடுப்புக்கு மேலே அலமாரியில் வைத்தால் வண்டுக்கு நீங்கள் வாடகைக்கு விட்டதாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள், சுடுவதற்கு முன் எடுத்து வெளியே வைத்துக் குளிர் போக விடுங்கள்.

மாவில் கலந்திருக்கும் பேக்கிங் பவுடருக்கு ஈரம் எதிரி. அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு மேசைக்கரண்டி மாவைச் சிறு கிண்ணத்தில் போட்டு நல்ல சுடுநீர் ஊற்றுங்கள். குபுகுபு என்று பொங்காது, ஆனால் மேலே சின்னச் சின்னக் குமிழியாவது வரவேண்டும். ஒன்றுமே இல்லாமல் சேறு மாதிரி கிடந்தால் ஆள் போய்விட்டார். தனியாக விற்கும் பேக்கிங் பவுடர் கொஞ்சம் வாங்கி வையுங்கள், எப்படியும் தேவைப்படும்.

அளவு, அல்லது ரைஸ் குக்கர் கோப்பையின் துரோகம்

பெட்டியில் '1 கப் மாவு, முக்கால் கப் பால், 1 முட்டை' என்று இருந்தது. சரி என்று அரிசி அளக்கும் கோப்பையை எடுத்து மாவை அளந்தேன், பாலை அது பாட்டுக்கு ஒரு கிளாசில் கண் மதிப்பில் ஊற்றினேன். அமெரிக்கப் பெட்டியின் கப் ஏறக்குறைய 240 மில்லி, நம் கடைகளில் வாங்கும் அளவுக் கோப்பை பெரும்பாலும் 250, ரைஸ் குக்கரோடு வரும் கோப்பை 180 மட்டும். ஆக மாவு கால்வாசி குறைவு, முட்டை முழுசு, பால் ஆண்டவன் விட்ட வழி. முதல் ஊற்றலிலேயே மாவு ஓடிப்போய் சட்டி முழுக்கப் பரவியது. பதறி இன்னும் கொஞ்சம் மாவைக் கொட்டினேன், அது கட்டி கட்டியாக நின்றது, அடித்துக் கலக்கினேன். கேட்டால் சிரிப்பு வரும், நின்று செய்தவளுக்கு அழுகை.

தராசு இருந்தால் தராசு. சின்ன மின்தராசு முப்பது நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது, இந்தப் பெட்டி விலைதான். என் மாவுக்கு இப்போது சரியாக வரும் கணக்கு இது: மாவு 150 கிராம், பால் 200 மில்லி, முட்டை ஒன்று, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. உள்ளங்கை அளவில் ஏழெட்டு வரும். உங்கள் பெட்டி வேறாக இருந்தால் அதில் சொன்னபடி தொடங்குங்கள், எண்ணெய் போடச் சொல்லாவிட்டாலும் அந்த ஒரு கரண்டியைப் போடுங்கள். அதைக் கணக்குப் பார்த்து விட்டுவிட்டால் மறுபடி சத்தம் போடும் பான்கேக்தான்.

கலக்குவதும் காத்திருப்பதும்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், நானும் இங்கேதான் அதிகம் கெடுத்தேன்.

பால், முட்டை, எண்ணெய் மூன்றையும் தனியாக அடித்துக்கொள்ளுங்கள், இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். பாலும் முட்டையும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, வேண்டாம். இதை மாவில் ஊற்றிக் கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள், பதினைந்து இருபது தடவை போதும். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியவில்லை என்றதும் கையை எடுத்துவிடுங்கள். சின்னக் கட்டிகள் இருக்கும், இருக்கட்டும். தோசை மாவைக் கையால் அடித்துக் கலக்கி வளர்ந்தவர்களுக்கு இது சங்கடமாக இருக்கும். ஆனால் கோதுமை மாவை அடிக்க அடிக்கப் பசை முறுக்கேறி சப்பாத்தி குணம் வந்துவிடும்.

இப்போது மூடிவைத்துவிட்டுப் போங்கள். 15 நிமிடம். தவிடு உடனே தண்ணீர் குடிக்காது, ஓட்ஸ் அதைவிட மெதுவாகக் குடித்து, குடித்த பிறகு கொழகொழவென்று ஊதும். நான் முதல் ஞாயிறு கலக்கிய கையோடு ஊற்றினேன். அதனால் முதல் பான்கேக் தண்ணியாகவும் ஒன்பதாவது கொழுக்கட்டை மாவு மாதிரியும் இருந்தன, ஒரே கிண்ணத்து மாவு. உள்ளே களி, வெளியே கருகல் என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான், தவிடு நனையாமல் சட்டியில் போய் நின்றிருக்கிறது.

15 நிமிடம் கழித்துத் திறந்தால் மாவு இறுகியிருக்கும். ஒவ்வொரு கரண்டியாகப் பால் விட்டுத் தளர்த்துங்கள், எனக்கு இரண்டிலிருந்து நான்கு மேசைக்கரண்டி பிடிக்கிறது. பதம் எப்படி என்றால், இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வு, தோசை மாவைவிட நல்ல கெட்டி. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தயங்கித் தயங்கி விழவேண்டும், விழுந்த தடம் ஒரு நொடியாவது மேலே நிற்கவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வேலை. அரைத் தேக்கரண்டி புது பேக்கிங் பவுடரை மேலே தூவி நாலு புரட்டுப் புரட்டுங்கள். ஏன் இப்போது என்றால், தோசை மாவு இரவெல்லாம் புளித்துக் காற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், இங்கே அந்த வேலையைப் பவுடர் சில நிமிடத்தில் செய்தாக வேண்டும், ஈரம் பட்ட நொடியிலிருந்தே செலவாகத் தொடங்கிவிடும். பெட்டி மாவில் இருந்ததில் ஒரு பங்கு நாம் காத்திருந்த நேரத்தில் போயிருக்கும். அரைக்கு மேல் போடாதீர்கள், பேராசைப்பட்டு ஒரு கரண்டி நிறையப் போட்டு இரண்டாவது ஞாயிறு சோப்புத் தின்ற மாதிரி ஆனது. பொங்கி எழுந்து அப்படியே அமுங்கியும் போனது.

கசப்பு இனிப்பை மறைக்கக் கொஞ்சம் ஏலக்காய்த் தூள் நன்றாக வேலை செய்கிறது. அதைவிட நல்லது நன்றாகப் பழுத்த பீசாங் மாஸ், கட்டைவிரல் மொத்தத்தில் இருக்குமே அந்தச் சின்ன மஞ்சள் வாழைப்பழம், ஒன்றை மசித்துப் பாலோடு சேர்ப்பது. ஈரம், நிறம், மணம் என்று சீனி விட்டுப்போன வேலை மூன்றையும் பார்க்கும். பழத்திலும் சர்க்கரை இருக்கிறது, சும்மா வரவில்லை. அதனால் எங்கள் வீட்டில் ஒரு கிண்ணத்துக்கு ஒரு பழம், மேலே ஊற்றப் பாகு கிடையாது.

சட்டி

தோசைக்கல்லில் சுடலாமா என்றால் சுடலாம், ஆனால் தோசைச் சூட்டில் சுடக்கூடாது. இரும்புக்கல் சூட்டை விடாது, அடுப்பைக் குறைத்தாலும் ஐந்து நிமிடம் அதே கோபத்தோடு இருக்கும். இந்த மாவில் உள்ள வே புரதமும் அதோடு வரும் பால் சர்க்கரையும் சட்டென்று சிவக்கும், புரதம் சூடு அதிகமானால் அவித்த முட்டை மாதிரி இறுகி ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளும். மேல் கருகி, உள் வேகாமல், கடித்தால் வறட்சி, மூன்றும் ஒரே நேரத்தில் எப்படி வந்தது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு விடை இதுதான். புதியவர்களுக்கு ஒட்டாத சட்டியே நல்லது.

நடுத்தரத்துக்கும் கீழே தீயை வைத்து மூன்று நான்கு நிமிடம் சட்டியைக் காயவிடுங்கள். தண்ணீர்த் துளி தெளித்தால் உருண்டு ஆடவேண்டும். 'சொய்ங்' என்று அந்த நொடியே ஆவியானால் சட்டி இன்னும் சமமாகக் காயவில்லை, அப்படியே உட்கார்ந்து கொதித்தால் போதாது. எண்ணெயை ஊற்றாமல் துணியிலோ பாதி வெங்காயத்திலோ தொட்டுத் தடவுங்கள். வெண்ணெய் வாசம் வேண்டுமென்றால் சுட்ட பிறகு மேலே தடவலாம், சட்டியில் போட்டால் கருகும்.

ஊற்றியதும் கை தானாகக் கரண்டியைச் சுழற்றிப் பரப்பப் போகும். பிடித்து நிறுத்துங்கள். மாவு போய் உட்காரும் இடத்தில் உட்காரட்டும், உள்ளங்கைக்கு மேல் பெரிதாக வேண்டாம், இந்த மாவு பெரிதாக ஊற்றினால் திருப்பும்போது உடையும். மூடி போடுங்கள். எந்தப் பெட்டியிலும் இதை எழுதி நான் பார்க்கவில்லை, அம்மா ஊத்தப்பத்துக்கு மூடி போடுவதைப் பார்த்துத்தான் போட்டேன், மேல்பக்கம் ஆவியில் வெந்து களித்தன்மை போய்விட்டது.

குமிழி வெடித்துத் துளை மூடாமல் நின்றால் திருப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த மாவில் குமிழி அவ்வளவாக வராது, அதற்காகக் காத்திருந்து காத்திருந்து நான் அடியைக் கரியாக்கினேன். ஓரத்தைப் பாருங்கள். பளபளப்பு போய் மங்கி, காய்ந்த மாதிரி ஆனால் திருப்பலாம், இரண்டரை மூன்று நிமிடம் ஆகும். மறுபக்கம் ஒன்றரை நிமிடம். ஒரு தடவைதான் திருப்ப வேண்டும். திருப்பிய பிறகு தோசைக்கரண்டியால் அழுத்தாதீர்கள், தயவுசெய்து. பிடித்துவைத்த கொஞ்சநஞ்சக் காற்றும் அங்கேதான் போகிறது. முதல் ஒன்று எப்படியும் சரியாக வராது, அதைச் சட்டிக்குக் கொடுத்த லஞ்சம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அட்டைப்படம் மாதிரி இருக்கும், ஆவி வெளியே போக முடியாமல் சொதசொதவென்றும் ஆகும். கம்பித் தட்டில் பரப்பி வையுங்கள், சாப்பிடும்போது அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

மேலே என்ன

மேப்பிள் சுவைப் பாகு என்று மலிவாக விற்பது கிட்டத்தட்ட முழுக்கச் சீனிப்பாகுதான். குலா மெலாக்கா நம் ஊர்ச் சாமான், தென்னஞ்சீனி, இயற்கை என்று எப்படிச் சொன்னாலும் அதுவும் சீனிதான். பாகு ஊற்றினால் 34 வெள்ளி கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை. எங்களுக்குப் பிடித்துப்போனது பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அப்பாம் பாலிக் விற்கும் அங்கிளைப் பார்த்துத் திருடியது: வறுத்து ஒன்றிரண்டாக இடித்த நிலக்கடலை, கொஞ்சம் அவித்த சோளம், வெண்ணெய் ஒரு கீற்று, அப்படியே பாதியாக மடித்துவிடுவது. அவர் தூவுகிற சீனி மட்டும் இல்லை. கடலையின் மொறுமொறுப்பில் மாவின் தவிட்டு ருசி தெரியாமல் போய்விடுகிறது, பையன் இரண்டு கேட்டு வாங்கினான்.

இவ்வளவு செய்தும் பிடிக்கவில்லை என்றால், மூன்று பங்கு பெட்டி மாவுக்கு ஒரு பங்கு வெள்ளை மாவு சேருங்கள், வித்தியாசம் உடனே தெரியும், ஆரோக்கியம் கொஞ்சம் குறையும். இனிப்புச் சேர்க்காத மாவாக இருந்தால் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டுக் கோதுமை தோசையாக ஊற்றி முடித்துவிடலாம். ஸ்டீவியா மாவில் அதை முயற்சி செய்யாதீர்கள். நான் செய்தேன். அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

மறுபடி இந்தப் பெட்டியை வாங்குவேனா? மாட்டேன். பேரங்காடியில் ஆட்டா மாவும் ஓட்ஸும் வாங்கி, ஓட்ஸை மிக்சியில் பொடித்து, இரண்டையும் சமமாகக் கலந்து, 150 கிராமுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போட்டால் இதே சங்கதி, கசப்பு இல்லாமல், விலையில் கால்வாசிகூட ஆகாது. மேலே சொன்ன காத்திருப்பு, மூடி, தீ எல்லாம் இதற்கும் அப்படியேதான். இதில் பவுடர் முழுவதையும் 15 நிமிடம் கழித்தே போடலாம், அது ஒரு வசதி.

நான்காவது ஞாயிறு, பெட்டியில் மிச்சமிருந்த கடைசி மாவைச் சுட்டேன். அப்பா ஒன்று முழுதாகச் சாப்பிட்டார், அவராகவே இன்னொன்றில் பாதியைப் பிய்த்து எடுத்தார், சட்டையைத் தேடவில்லை. நான் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மென்று முடித்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். "தொட்டுக்கக் கொஞ்சம் தேங்காய்ச் சட்னி இருந்தா..."